படக்கருவியை வெயிலுக்குக் கொணர்ந்தவர்

1947ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 21ஆம் நாள். கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில், கொட்டாஞ்சேனை கிங்ஸ்லி படமாளிகையில் ‘கடவுணு பொறொந்துவ’ என்னும் படம் முதன்முறையாகத் திரையிடப்பட்டது. சிங்கள மொழியின் முதற் பேசும்படம் அதுவே. பெயர்தான் சிங்களப்படம், அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். நெறிப்படுத்தியவர் ஜோதிஷ் சிங் என்னும் வங்காளி. படம்பிடித்த இடமோ மதுரை. கதாநாயகி ருக்மணி தேவியும் டெய்சி ராசம்மா என்ற பெயரோடு பிறந்தவரே. இவ்வாறு கடல் கடந்து வந்த கலையைக் கொட்டாஞ்சேனை மக்கள் கைதட்டி வரவேற்றனர். அதிற் குற்றம் ஒன்றுமில்லை. ஆயினும் அடுத்துவந்த ஆண்டுகளிலும் சிங்களப் படங்கள் பெரும்பாலும் தென்னிந்திய ஸ்டூடியோக்களிலேயே உருவாகின. இலங்கைக் கிராமம் என்று திரையிலே தோன்றியது, சென்னையிலோ சேலத்திலோ சீலையில் எழுதிய கிராமம்.

அந்தச் சீலையைக் கிழித்தவர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ்.

1919ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் தெகிவளையிலே ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தையார் ஸ்கொத்லாந்தில் மருத்துவம் பயின்று வந்தவர். வீட்டில் வழங்கிய மொழி ஆங்கிலம். பள்ளிக்கூடம் வெள்ளவத்தைக்கு அண்மையிலுள்ள புனித பேதுரு கல்லூரி. சிங்களக் கிராமத்தைத் திரைக்குக் கொணர்ந்தவர் ஆங்கிலம் பேசிய நகரத்துப் பிள்ளை என்பது விந்தையாகத் தோன்றலாம். உள்ளிருப்பவனுக்குப் பழகிப்போனவை, வெளியிலிருந்து வருபவனுக்குப் புதியனவாகப் புலப்படுதல் இயல்பே. தம்பியார் ஐவன் பீரிஸ் ஓவியர். ‘43 குழு’வைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். அவரோடு இலண்டன் சென்ற லெஸ்டர், அங்கிருந்து கொழும்புப் பத்திரிகைக்குக் கலைக் கடிதங்கள் எழுதினார். சில குறும்படங்களும் எடுத்தார். 1952இல் நாடு திரும்பி அரசாங்கத் திரைப்படப் பிரிவிற் சேர்ந்தார்.

அங்கு அவர் செய்தவை வீதிப் பாதுகாப்பு, வரண்ட பிரதேசத்து மலேரியா ஒழிப்பு என்பன போன்ற செய்திப் படங்கள். சலிப்பான வேலை என்று சிலர் நினைக்கலாம். நாட்டின் மண்ணையும் முகங்களையும் கண்ணெதிரே காணும் பயிற்சியை அவருக்கு அளித்தது அந்த வேலைதான். 1955இல் நல்ல உத்தியோகத்தை உதறிவிட்டு வெளியேறினார். ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக்கும், தொகுப்பாளர் டைற்றஸ் டி சில்வாவும் உடன் வெளியேறினர்.

மூவரும் சேர்ந்து செய்த படம் ‘ரேகாவ’. கைரேகையைக் குறிக்கும் பெயர். கண்ணொளி இழந்த சிறுமி ஒருத்தி பார்வை பெறுகின்றாள். தோழனாகிய சிறுவனின் கை பட்டதே காரணம் என்று ஊர் நம்புகின்றது. அவன் தெய்வீகக் கையன் ஆகின்றான். பெரியவர்கள் அதனைப் பணமாக்குகின்றனர். பின்னர் வேறொரு சிறுவன் இறந்துபோகவே, போற்றிய ஊரே தூற்றுகின்றது. மெய்யான வயலிலும் மெய்யான வெயிலிலும் பிடித்த இப்படம் 1956 டிசம்பர் 28ஆம் நாள் கொழும்பு றீகல் படமாளிகையில் வெளிவந்தது. மறு ஆண்டு பிரான்சின் கான் விழாப் போட்டியில் இடம்பெற்றது. உள்ளூரிலோ மக்கள் வரவில்லை! கான் நகரத்துப் புகழ் கடனை அடைக்குமா? அடுத்த கதைப்படத்துக்கு அவர் நான்கு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1960இல் ‘சந்தேசய’ வெளிவந்தது. போர்த்துக்கேயர் காலத்துக் கதை. தயாரித்தவர் கே. குணரத்தினம் என்னும் தமிழர். அது பணமும் ஈட்டியது. ஆயினும் அந்த வெற்றியிலே அவர் தங்கிவிடவில்லை.

மார்ட்டின் விக்கிரமசிங்க 1944இல் எழுதிய ‘கம்பெரலிய’ என்னும் நாவலை அவர் 1963இற் படமாக்கினார். பலப்பிட்டியிலுள்ள பழைய வளவு ஒன்றிலே, ஸ்டூடியோவின் நிழலும் படாமல், ஒரு பெரிய விளக்கும் கையிலேந்திய சில விளக்குகளும் கொண்டு எடுத்த படம் அது. தரங்குன்றும் உயர்குடி ஒன்றின் பெருமூச்சை அதிலே கேட்கலாம். உரத்த பேச்சு இல்லை. தொகுத்தவர் சுமித்திரா குணவர்த்தன. 1964இல் லெஸ்டரின் வாழ்க்கைத் துணையானவர். பின்னர் தாமே சிறந்த நெறியாளராக விளங்கியவர். 1965இல் புதுடில்லிச் சர்வதேச விழாவில் அப்படத்துக்குத் தங்க மயில் விருது கிடைத்தது. தென்னிந்திய ஸ்டூடியோவிலே பிறந்த சிங்களப் படக்கலை, இந்தியாவின் தலைநகரிலே பரிசு பெறுவதற்குப் பதினெட்டு ஆண்டுகள் சென்றன.

1972இல் வந்த ‘நிதானய’ என்னும் படத்தையே அவருடைய சிகரம் என்பர் பலர். அக்கூற்றை மறுப்பது எளிதன்று. தயாரிப்பாளர் அந்தோனிப்பிள்ளை. புதையலுக்குப் பலியிடுவதற்கென்றே, கழுத்தில் நான்கு மறுக்களுள்ள கன்னியொருத்தியைத் தேடி மணம்புரிகின்றான் ஒருவன். அவளோ அவனை உண்மையாகவே நேசிக்கின்றாள். பலி நிறைவேறுகின்றது, புதையல் கிட்டவில்லை. இந்தக் கொடுங்கதையில் ஓரிடத்திலும் குருதியைக் காட்டி அச்சுறுத்தும் எண்ணம் நெறியாளருக்கு இல்லை. காமினி பொன்சேகாவின் முகமே போதுமாயிருந்தது. 1997இல், சிங்களப் படங்களின் பொன்விழாவின்போது, ஐம்பதாண்டுகளிற் சிறந்த படமாக அதுவே தெரிவாயிற்று.

2006இல் ‘அம்மாவருனே’ வெளிவந்தபோது அவருக்கு வயது எண்பத்தேழு. 2018 ஏப்ரல் 29ஆம் நாள், தொண்ணூற்றொன்பதாம் வயதில் கொழும்பிலே காலமானார். அதற்கு முன்னரே ‘நிதானய’வின் மூலப் படச்சுருள் தொலைந்துவிட்டிருந்தது. இந்தியாவின் பூனா நகரத் திரைப்படக் காப்பகத்திலே பேணப்பட்டிருந்த பிரதியைக் கொண்டு, 2013இல் அதனைப் புதுப்பித்தனர்.