யூரியாத் தொட்டியும் எஞ்சின் சூடும்



டீசல் எஞ்சினின் பெருமையும் வம்பும் ஒன்றேதான்: சூடு. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். யார் வம்புக்கும் போகாத வாயு. சிலிண்டருக்குள் தீ 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதுவும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்ஸைடு ஆகிவிடுகிறது. நுரையீரலுக்குக் கேடு. "சூட்டைக் குறைச்சுடலாமே சார்" என்பீர்கள். புகையில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே விட்டால் குறையும்தான். கூடவே கரி ஏறும், மைலேஜ் இறங்கும். லாரி முதலாளி சும்மா விடுவாரா?

அதனால்தான் யூரியா. வயலுக்குப் போடுகிற அதே பொருள்தான், சுத்தமாக்கி 32.5 சதவீதக் கரைசலாக. சூடான புகையில் தெளித்தால் அம்மோனியாவாகும்; வினையூக்கியின் மேல் அதுவும் நைட்ரஜன் ஆக்ஸைடும் சேர்ந்து வெறும் நைட்ரஜனும் தண்ணீருமாகப் பிரியும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தபோது கனரக வண்டிகளுக்கான வரம்பு, கிலோவாட் மணிக்கு 3.5 கிராமிலிருந்து 0.46 ஆக இறங்கியது. லாரிகள் அதை எட்டியது பெரும்பாலும் இந்தத் தொட்டியின் தயவில்.

ஆனால் தொட்டி இருந்தால் போதாது. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சிறு குழு ஒன்று (அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா இருவரும் அதில் உண்டு) மூன்று டீசல் கார்களில் கருவியைக் கட்டிச் சாலையில் ஓட்டியது. 2014இல் வந்த அறிக்கையில், ஃபோக்ஸ்வேகன் ஜெட்டா வரம்பைப்போல் 15 முதல் 35 மடங்கு, பஸ்ஸாட் 5 முதல் 20 மடங்கு. பஸ்ஸாட்டில் யூரியாத் தொட்டி இருந்தது! பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5 மட்டும் பெரும்பாலும் வரம்புக்குள். ஆக, முடியாத காரியம் இல்லை. 2015 செப்டம்பரில் குட்டு வெளிப்பட்டது: சோதனைக்கூடத்தில் ஒழுங்காகவும் சாலையில் வேறு மாதிரியும் நடக்கும் மென்பொருள், உலகெங்கும் சுமார் 1.1 கோடி வண்டிகளில். அதை எழுதியவர்களும் நம்மைப்போல் பட்டம் வாங்கிய பொறியாளர்கள்தாம்; அதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஏமாற்று இல்லாவிட்டாலும் சங்கடம் உண்டு. வினையூக்கி சுமார் 200 டிகிரிக்குக் கீழே சரியாக வேலை செய்யாது. நெரிசலில் நின்று நின்று ஊர்கிற பஸ்ஸில் அந்தச் சூடு நிற்பது கஷ்டம். நம் நாட்டிலும் 2023 ஏப்ரலிலிருந்து கார்களைச் சாலையில் ஓட்டிச் சோதிப்பது விதியாகிவிட்டது.

பிராஜெக்ட் தேடும் இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு வேலை: நம் கல்லூரியின் புது பஸ்ஸில் வினையூக்கிக்கு முன்னால் தெர்மோகப்பிள் பொருத்தி, காலை டிரிப்பில் எத்தனை நிமிஷம் 200 டிகிரிக்கு மேல் நிற்கிறது என்று குறித்துத் தாருங்கள். தெர்மோகப்பிள் என் செலவு.