அடுப்படியில சோறு இருக்கு, பந்திக்கு வரல: கழன்ற விழித்திரையின் கதை

கண் ஓரத்துல திடீர்னு மின்னல் வெட்டுது, கருப்புப் புள்ளிகள் கூட்டமா மிதக்குது, ஒரு பக்கம் திரை இறங்கின மாதிரி மறைக்குது. ஆனா வலியே இல்ல. “ராத்திரி முழுக்க போன் பார்த்தேன்ல, தூங்கினா சரியாயிடும்”னு விட்டுடுவோம். அப்படி விடக்கூடாது. இது ரெட்டினா, அதாவது விழித்திரை, கழன்றுவர்றதோட அறிகுறியா இருக்கலாம். ஏன் இவ்வளவு அவசரம்? காரணம் ரத்த ஓட்டத்துல இருக்கு.

ரெட்டினாவுக்கு ரெண்டு வழியில ரத்தம் வருது. உள் அடுக்குகளுக்கு, பார்வை நரம்பு வழியா வர்ற ஒரு தமனி. ஒளியை உணரும் செல்கள் இருக்கிற வெளி அடுக்குக்கு, அதுக்குப் பின்னாடி இருக்கிற கோராய்டு. கண்ணுக்கு வர்ற ரத்தத்துல பெரும்பகுதி கோராய்டுலதான் ஓடுது. நாம எழுத்து படிக்கிற, முகம் பார்க்கிற ஃபோவியாங்கிற மையப்புள்ளியில தனியா ரத்தக் குழாயே கிடையாது. அதுக்கு கோராய்டுதான் கதி.

ரெட்டினாவுல கிழிசல் விழுந்து திரவம் பின்னாடி புகுந்தா, ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி வந்துடும். கோராய்டுல ரத்தம் ஓடிக்கிட்டேதான் இருக்கும். ஆனா அதுல இருந்து ஆக்சிஜன் போதுமான அளவு வந்து சேராது. அடுப்படியில சோறு இருக்கு, பந்திக்கு வரல. செல்கள் பட்டினியில சாக ஆரம்பிக்கும். மையப்பகுதி கழலுறதுக்கு முன்னாடியே ஆபரேஷன் நடந்தா, பார்வை தப்பிக்க வாய்ப்பு ரொம்ப அதிகம்.

ஆபரேஷன்லயும் ரத்த ஓட்டத்தைக் கவனிக்கணும். ஸ்க்லீரல் பக்கிள் முறையில கண்ணைச் சுத்தி சிலிக்கோன் பட்டை போடுவாங்க. அது ரொம்ப இறுகினா ரத்த ஓட்டம் குறையும். விட்ரெக்டமி முறையில உள்ளே இருக்கிற ஜெல்லை எடுத்துட்டு, பல நேரம் வாயுக்குமிழி வைப்பாங்க. அது ரெட்டினா ஒட்டுற வரைக்கும் தாங்கிப் பிடிக்கும்.

இங்கதான் ஒரு முக்கியமான விஷயம். அந்தக் குமிழி கரைய சில வாரங்கள் ஆகும். அதுவரைக்கும் விமானத்துல ஏறவே கூடாது! மேலே காற்றழுத்தம் குறைஞ்சதும் குமிழி விரியும், கண் அழுத்தம் ஏறும், ரெட்டினாவுக்குப் போற ரத்தமே நின்னு பார்வை போயிடலாம். ஊட்டி, கொடைக்கானல் ட்ரிப்புக்கும் டாக்டரைக் கேட்காம கிளம்பாதீங்க. வேற ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்க வந்தா, கண்ணுல வாயு இருக்குன்னு முதல்லயே சொல்லிடுங்க. நைட்ரஸ் ஆக்சைடும் குமிழியைப் பெருசாக்கும்.

ஒட்டின பிறகும் பார்வை உடனே தெளியாது, தேற மாசக்கணக்காகலாம். ஆனா அந்தத் திரை தெரிஞ்ச அன்னைக்கே கண் டாக்டர்கிட்ட போறது நம்ம கையிலதான் இருக்கு. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.