ஊர் கொடுத்த வாக்கு

1914-இல் முதல் உலகப் போர் மூண்டதும் ஜெர்மனியில் சில்லறைக்குப் பஞ்சம் ஏற்பட்டது. வெள்ளிக் காசுகளை மக்கள் பதுக்கினர். செம்பும் நிக்கலும் படைக்கலத் தொழிலுக்குத் தேவைப்பட்டன. மீதிச் சில்லறை கொடுக்க வழியின்றி வணிகர் திகைத்தனர். ஆகவே நகராட்சிகளே இரும்பிலும் துத்தநாகத்திலும் காசு அடித்தன, தாளிலும் அச்சிட்டன. 'நோட்கெல்ட்', அதாவது நெருக்கடிப் பணம், என்று அதற்குப் பெயர். போருக்குப் பின்னரும் தட்டுப்பாடு நீங்காமையால் மைசன் தொழிற்சாலை பீங்கானில்கூடக் காசு செய்தது. பீங்கானுக்கு என்ன விலை? பின்னர் மாற்றித் தருவோம் என்று ஊரார் நம்பும்படி நகராட்சி கொடுத்த வாக்கே அதன் விலை. ஊர் எல்லையைத் தாண்டினால் அது பெரும்பாலும் செல்லாது.

1923-இல் பணவீக்கம் முற்றியபோது தாள்களில் சுழிகள் பெருகின, நம்பிக்கை தேய்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் வந்த புதிய ரென்டன்மார்க் ஒன்றுக்குப் பழைய மார்க் ஒரு லட்சம் கோடி ஈடாயிற்று. எழுதிய எண் எவ்வளவு பெரிதாயினும், வாக்குப் பொய்த்தால் பணம் வெறும் தாளே.