கம்பளி கட்டிய ஊர்கள்



இங்கிலாந்துக்குப் போகும் நம்மவர்கள் லண்டனைப் பார்க்கிறார்கள், ஆக்ஸ்ஃபோர்டைப் பார்க்கிறார்கள். நடுவில் ஒரு நாள் சுற்றுலாப் பேருந்தில் ஏறி, காட்ஸ்வோல்ட்ஸ் என்ற மேட்டுநிலப் பகுதிக்கும் போய்வருகிறார்கள். பேருந்து மூன்று நான்கு ஊர்களில் நிற்கும். இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு ஏறிவிடுவார்கள். அழகான ஊர்கள்தாம், சந்தேகமே இல்லை. ஆனால் அவை ஏன் அப்படி இருக்கின்றன என்பது சன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. நடப்பவருக்குத்தான் தெரியும்.

அதற்கென்றே ஒரு நடைவழி இருக்கிறது. காட்ஸ்வோல்ட் வே என்று பெயர். வடக்கே சிப்பிங் கேம்டன் என்ற சிற்றூரில் தொடங்கி, தெற்கே பாத் நகரத்துப் பெரிய தேவாலயத்தின் வாசலில் முடிகிறது. நீளம் 164 கிலோமீட்டர். 2007ஆம் ஆண்டில் இதைத் தேசிய நடைவழியாக முறைப்படி திறந்தார்கள். ஒரு வாரத்திலிருந்து பத்து நாளுக்குள் பெரும்பாலோர் நடந்து முடிக்கிறார்கள்.

நீலகிரியையும் பழனி மலையையும் மனத்தில் வைத்துக்கொண்டு போக வேண்டாம். இங்கே மிக உயரமான கிளீவ் குன்றே 330 மீட்டர்தான். கிழக்கிலிருந்து மெல்ல மெல்ல உயர்ந்து வரும் நிலம், மேற்கு விளிம்பில் சட்டென்று சரிந்து செவர்ன் ஆற்றுச் சமவெளியில் இறங்கிவிடும். நம் வழி அந்த விளிம்பை ஒட்டியே மேலும் கீழுமாகப் போகிறது. ஒரே நாளில் பலமுறை ஏறி இறங்க வேண்டியிருப்பதால், உயரம் குறைவென்றாலும் முழங்கால் கேள்வி கேட்கும். வானம் தெளிந்த நாளில் விளிம்பில் நின்றால், ஆற்றுக்கு அப்பால் வேல்ஸ் நாட்டு மலைகள் நீலமாகத் தெரியும். அரை மணி நேரம் அங்கே உட்காரலாம், தப்பே இல்லை.

காலுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். ஏறத்தாழ 17 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே வெதுவெதுப்பான, ஆழமில்லாத கடல் இருந்தது. அதன் அடியில் படிந்து இறுகிய கல் இது. வழியோரத்தில் உடைந்து கிடக்கும் துண்டொன்றை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். மீன் சினையைப் போலப் பொடிப்பொடி உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். வடக்கே இரும்பு கலந்திருப்பதால் கல்லுக்குத் தேன் நிறம். தெற்கே போகப் போக வெளுத்துக்கொண்டே வந்து, பாத் நகரத்தில் வெண்ணெய் நிறமாகிவிடுகிறது. வீடு, மதில், கோயில், கூரை எல்லாமே இந்தக் கல்தான் என்பதால், நடக்க நடக்க ஊர்களின் நிறமே மாறுகிறது.

கல்லுக்கு மேலே மண் ஆழமில்லை. தண்ணீரும் நிற்காமல் கல்லுக்குள் இறங்கிவிடும். அதனால் உழவைவிடப் புல்லுக்கு ஏற்ற நிலம். புல் இருந்ததால் ஆடு வந்தது, ஆட்டால் பணம் வந்தது. இங்கிலாந்தின் செல்வமே கம்பளிதான் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. லண்டனில் பிரபுக்கள் சபையின் தலைவர் இன்றும் ரோமம் அடைத்த சிவப்புத் திண்டின் மேல்தான் உட்காருகிறார்; அந்தக் காலத்தின் மிச்சம் அது. இந்த மேடுகளில் மேய்ந்த செம்மறிகளின் ரோமம் ஃபிளாண்டர்ஸ் வழியாகவும் இத்தாலி வழியாகவும் ஐரோப்பா முழுவதும் போனது. சிப்பிங் கேம்டனின் பெரிய தெருவில் வில்லியம் கிரெவல் என்ற கம்பளி வணிகரின் வீடு 14ஆம் நூற்றாண்டிலிருந்து அப்படியே நிற்கிறது. அவர் 1401இல் இறந்தார். ஊர்த் தேவாலயத்தில் அவர் கல்லறைமேல் பதித்த பித்தளைத் தகடு, இங்கிலாந்தின் கம்பளி வணிகர்களில் சிறந்தவர் என்று அவரைப் புகழ்கிறது.

புறப்படும் முன் அந்தத் தெருவில் ஒருமுறை கூரைகளை நிமிர்ந்து பாருங்கள். ஓட்டுக்குப் பதில் மெல்லிய கற்பலகைகள் வேய்ந்திருப்பார்கள். இறவாரத்தில் பெரிய பலகைகள்; மேலே போகப் போகச் சிறுத்து, முகட்டில் கையகலம்தான். எடையெல்லாம் சுவருக்கு அருகே இறங்கட்டும் என்ற கணக்கு. மழைநீர் தங்காமல் ஓட வேண்டும் என்பதால் கூரை செங்குத்தாகச் சரியும்.

இங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் விலகி நடந்தால் பிராட் கேம்டன் என்ற குக்கிராமம். நடைவழியில் இல்லை, ஆனால் தமிழர் யாரும் அங்கே போகாமல் திரும்பக் கூடாது என்பேன். அங்கே நார்மன் காலத்துச் சிறு தேவாலயம் ஒன்றை வீடாக மாற்றி, 1907 முதல் சில ஆண்டுகள் குடியிருந்தவர் ஆனந்த குமாரசாமி. கொழும்புத் தமிழரான சர் முத்து குமாரசாமியின் மகன். தாய் ஆங்கிலேயர். பள்ளிப் படிப்பும் இதே மாவட்டத்தில், தெற்கே நம் வழியை ஒட்டி வரும் ஸ்டோன்ஹவுஸ் ஊரில்தான். படித்தது நிலவியல். இலங்கையின் கனிம ஆய்வுத் துறைக்குத் தலைமை வகித்தவர், அங்கே கல்லோடு சேர்த்துக் கைவினைஞர்களையும் பார்த்தார். அவர்களைப் பற்றி எழுதிய பெருநூல்தான் இடைக்காலச் சிங்களக் கலை. கைவினை இயக்கத்தின் முன்னோடி வில்லியம் மாரிஸ் தம் நூல்களை அச்சிட்ட கையச்சுப் பொறி, கேம்டனில் கைவினைச் சங்கம் நடத்திய ஆஷ்பீ மூலம் குமாரசாமிக்குக் கிடைத்தது. அந்தப் பொறியில், அந்த வீட்டிலேயே, 1907-08இல் அந்தப் பெருநூலின் 425 படிகள் அச்சாயின. நடராசர் வடிவத்தின் பொருளை உலகுக்கு எடுத்துச் சொன்னவர், ஆட்டு மந்தைகள் மேயும் இந்தச் சரிவுகளில் உலவிக்கொண்டிருந்தார். வீடு இப்போது தனியாருடையது. வெளியில் நின்றுதான் பார்க்க வேண்டும், அதுவே போதும்.

வழி எங்கும் கூடவே வருவது கல்வேலி. சாந்து பூசாமல், கல்மேல் கல் அடுக்கிய மதில். இந்தப் பகுதியில் மொத்தம் 6,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறதாம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வரிசை. மேலே போகப் போக ஒன்றையொன்று நோக்கிச் சாயும். நடுவே சில்லுகளை இட்டு நிரப்புவார்கள். உச்சியில் பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி இறுக்குவார்கள். சரியாகக் கட்டியது நூறாண்டு நிற்கும். வின்ச்கம் ஊரைத் தாண்டி ஒரு ஏற்றம் ஏறினால் பெலாஸ் நாப் என்ற ஈம மேடு வருகிறது. 5,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் அதற்குள் கிடைத்தன. அதன் முகப்பில் ஒரு பொய் வாசல். அதன் இருபுறமும் சாந்தில்லாமல் மெல்லிய கற்களை அடுக்கியிருக்கும் விதத்தையும் பக்கத்து வயல் வேலியையும் மாறி மாறிப் பாருங்கள். ஒரே கல், ஒரே கை வேலை. இந்த நடையில் என்னை அதிகம் பாதித்த இடம் அதுதான்.

இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த வழி பெரும்பாலும் பிறருடைய நிலத்துக்குள் போகிறது. கோதுமை வயலின் நடுவே, ஆட்டுப் பட்டியின் ஓரமாக, சில இடங்களில் வீட்டுத் தோட்டத்தை உரசிக்கொண்டு. யாரும் தடுக்க முடியாது. தலைமுறைகளாக மக்கள் நடந்த பாதையில் நடப்பது எவருக்கும் சட்டப்படி உரிமை. நிலக்காரர் உழுதாலும் பாதையைச் சீராக்கித் தந்தாக வேண்டும். 1949இல் வந்த சட்டம் இப்படிப்பட்ட பாதைகளையெல்லாம் வரைபடத்தில் ஏற்ற வழி செய்தது. ஆள் மட்டும் நுழையலாம், ஆடு தாண்ட முடியாது என்கிற மாதிரி வளைத்து அமைத்த சிறு கதவுகள் வயலுக்கு வயல் உண்டு. கதவைத் திறந்த மாதிரியே மூடிவிட்டுப் போவது நடப்பவர் கடமை. ஊர்ப் பொதுப்பாதைகள் ஒவ்வொன்றாக வேலிக்குள் மறைந்துபோவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இந்த ஏற்பாட்டின் மேல் பெரிய மரியாதை.

1246இல் எழுந்து எட்டாம் ஹென்றி மன்னரின் காலத்தில் இடிபட்ட ஹெய்ல்ஸ் மடத்தின் வளைவுகளும் வழியில், வின்ச்கமுக்குச் சற்று முன்பு, வருகின்றன. பார்த்துவிட்டு நடக்கலாம்.

கிரான்ஹாம், பெயின்ஸ்விக் பக்கம் வந்தால் பீச் மரக்காடுகள். வழவழப்பான சாம்பல் நிற அடிமரங்கள் தூண்கள் மாதிரி நிற்கும். கோடையில் இலை மூடிவிட்டால் அடியில் வெயில் விழாது. அதனால் தரைச்செடிகள் அவசரப்படுகின்றன: மரம் முழுக்கத் தழைப்பதற்குள், ஏப்ரல், மே மாதங்களில் நீலமணிப் பூக்கள் காட்டுத் தரையை மூடிவிடும். ஈரமான சரிவுகளில் காட்டுப்பூண்டு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். கண்ணுக்குத் தெரியும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும்; நம் வீட்டு ரச வாசனைதான்.

அடுத்து ஸ்ட்ரவுட் பள்ளத்தாக்கு. வேகமாக ஓடும் ஓடைகளின் ஓரமாகத் துணியாலைகள் எழுந்த இடம். ஆங்கிலப் படைவீரர்களின் சிவப்புச் சட்டைத் துணிக்குப் பேர்போனது. நீராவி இயந்திரம் வந்த பிறகு, நிலக்கரி கிடைத்த யார்க்ஷயர் முந்திக்கொண்டது. இங்கே தொழில் நொடித்தது. ஊர்களில் வறுமை. பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டப் பலரிடம் காசில்லை. பயணிகள் இன்று பார்த்து வியக்கும் அந்தத் தெருக்கள் செல்வத்தால் எழுந்தவை, ஏழ்மையால் பிழைத்தவை. ஒரு கொடுமை: அதே வீடுகளை இப்போது உள்ளூர்ப் பிள்ளைகள் விலைகொடுத்து வாங்க முடியவில்லை.

அங்கிருந்து தெற்கே, பைபிளை ஆங்கிலத்தில் பெயர்த்ததற்காக 1536இல் உயிர்விட்ட வில்லியம் டின்டேலின் நினைவுக் கோபுரம். பிறகு 1643இல் இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் சண்டை நடந்த லான்ஸ்டவுன் மேடு. பிறகு இறக்கம், பாத்.

முழு வழிக்கும் நேரமில்லாதவர்கள் லண்டன் பேடிங்டன் நிலையத்தில் ரயிலேறி மோர்ட்டன்-இன்-மார்ஷில் இறங்குங்கள். ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து கேம்டனுக்குப் பேருந்து உண்டு. டோவர் குன்றின் மேல் ஏறி, பிராட்வே கோபுரம் வழியாக பிராட்வே ஊரில் இறங்கினால் சுமார் 10 கிலோமீட்டர். அரை நாள் நடை. மே மாதம் நல்லது. மழைச்சட்டை எந்த மாதத்திலும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமத்துப் பேருந்துகள் குறைவு. நேரத்தை முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.