டிம்மருக்கும் அளவு உண்டு

புவிசார் குறியீடு வாங்கிய பத்தமடைப் பாயை நெய்கிற வீட்டில், மெல்லிய கோரை இழை தெரியப் பளிச்சென்று வெளிச்சம் வேண்டும். வேலை முடிந்து அதே கூடத்தில் படுக்கும்போது மங்கலாக இருந்தால் போதும். இதற்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் நல்ல யோசனைதான்.

கடையில் டிம்மர் மீது 400 வாட் என்று போட்டிருக்கும். 100 வாட் குண்டு பல்பு நாலுக்கு அதுதான் எல்லை. எல்லையைத் தொட்டு ஓட்டினால் சூடேறும். 300 வாட்டோடு நிறுத்துவது நல்லது.

இப்போது எல்லாம் 9 வாட் எல்.இ.டி. நாலு போட்டாலும் 36 வாட்தானே, பிறகென்ன என்கிறீர்களா? வம்பே அங்கேதான். பழைய டிம்மர்கள் பலவற்றுக்குக் குறைந்தபட்சச் சுமை என்று ஒன்று உண்டு. 40, 60 வாட்கூட இருக்கும். அதற்குக் கீழே போனால் விளக்கு மினுக்கும், சில நேரம் இரையும். எனவே எல்.இ.டி.க்கென்று தனியாக அச்சிட்ட கீழ் அளவு, மேல் அளவு இரண்டையும் பார்த்து வாங்குங்கள். மேல் அளவு குண்டு பல்புக்குச் சொன்னதைவிட வெகுவாகக் குறைந்திருக்கும். பல்பு அட்டையிலும் 'டிம்மபிள்' என்று இருக்க வேண்டும், சாதா எல்.இ.டி. ஆகாது.

மின்விசிறி ரெகுலேட்டரை மாட்டிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.