கணக்கில் ஏறாத கூலி

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நம்மவரில் அநேக குடும்பங்கள் இரண்டு மூன்று தலைமுறையாக அடுப்பை நம்பியே ஜீவித்து வருகின்றன என்பதை நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பஸ் நிலையத்து மூலையில் நான்கு மேசை போட்ட மெஸ், கோயில் சந்நிதித் தெருவில் காலையில் மட்டும் இட்லி வேகும் கடை, மத்தியானச் சாப்பாட்டுக்கே பேர்போன ஓட்டு வீடு, இவைகளைக் குறித்தே இன்று பேச எழுந்தேன். பெரிய ஹோட்டல்காரர்களுக்கு ஆடிட்டர் உண்டு. அவர்கள் பொருட்டுப் பேச ஆளும் உண்டு. நம் சிறிய கடைக்காரருக்கோ கல்லாப்பெட்டியே கணக்குப் புஸ்தகம்.

இக்கடைகள் ஒவ்வொன்றாய்க் கதவடைப்பதேன் என்று கேட்டால், விலைவாசி என்று ஒரே வார்த்தையில் விடை சொல்லி விடுகிறோம். அது மெய்தான், ஆனால் பாதி மெய். மற்றப் பாதி நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

முதலில் வெளியிலிருந்து வந்த இடர்களைச் சொல்லுகிறேன். 2016 நவம்பரில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாவென்று ஆனபோது, ரொக்கத்திலேயே நடந்த நம் வியாபாரம் சில வாரங்கள் ஸ்தம்பித்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, குளிர்சாதனமில்லாத ஹோட்டலுக்கு நூற்றுக்கு 12, குளிர்சாதனமுள்ளதற்கு 18 என்று விதித்து, அவ்வருஷம் நவம்பரில் இரண்டையும் 5 ஆகக் குறைத்தார்கள். குறைத்ததென்னவோ உண்மை, ஆனால் நாம் வாங்கும் பொருள்மீது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமையையும் அன்றே எடுத்துவிட்டார்கள். அடுப்பெரிக்கும் வாணிப சிலிண்டருக்கு நாம் கட்டும் வரி நம் தலையிலேயே நிற்கிறது. அந்தப் பத்தொன்பது கிலோ சிலிண்டர் 2022 மே மாதத்தில் சென்னையில் 2,500 ரூபாயைத் தாண்டிற்று. எரிவாயு ஏறினாலும் எண்ணெய் ஏறினாலும் நாம் இட்லிக்கு ஒரு ரூபாய் கூட்டுவதற்கு ஆறு மாதம் யோசிக்கிறோம். எதிர்க்கடைக்காரர் முதலில் கூட்டட்டும் என்று நாமும், நாம் கூட்டட்டும் என்று அவரும் காத்திருக்கிறோம்!

2020 மார்ச் 25 முதல் நடந்த ஊரடங்கைப் பற்றி அதிகம் சொல்ல மனம் வரவில்லை. மேசைகள் வெறிச்சோடின, பார்சல் ஒன்றே பிழைப்பாயிற்று. வாடகை மட்டும் ஊரடங்கு அறியாமல் வளர்ந்தது. ஊருக்குப் போன மாஸ்டர்களிற் பலர் திரும்பவில்லை.

அந்நாளில் கைபேசிச் செயலி வழியே வீடு தேடிச் சோறு அனுப்பும் வழக்கம் வேர்விட்டது. அதை முற்றும் இகழ்வது நியாயமன்று. அறியாத வீதிகளிலும் நம் பொங்கலின் மணம் சென்றது அதனாலேயே. ஆயினும் நூறு ரூபாய்ச் சாப்பாட்டில் இருபதோ அதற்கு மேலுமோ கமிஷனாகப் போனபின் கையில் நிற்பது என்ன? போதாக்குறைக்குத் தள்ளுபடி வேறு. ஹோட்டல்காரர்களின் சங்கமொன்று முறையிட்டதன் பேரில், 2022 ஏப்ரலில் இந்தியப் போட்டி ஆணையம் இவ்வித இரு பெருங் கம்பெனிகள்மீது விசாரணைக்கு உத்தரவிட்டது. நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பார்சல் சோற்றுக்குத் தனி அடக்க விலை போட்டுப் பார்க்கவேண்டும். டப்பா, பை, கமிஷன் மூன்றையும் சேர்த்தால் சில பண்டங்களை அவ்வழியில் விற்காதிருப்பதே லாபம் என்பது விளங்கும்.

இனி, முன்னர் சொன்ன மற்றப் பாதிக்கு வருகிறேன். உதாரணத்திற்கு ஒரு கடையை மனத்தில் வைத்துக்கொள்வோம். நாள் விற்பனை 8,000 ரூபாய். அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி, பால் ஆகிய சரக்கிற்கு 3,600. எரிவாயு 900. வாடகை 700. வேலையாட்கள் இருவருக்கு 1,400. இலை, தண்ணீர், மின்சாரம் முதலிய சில்லறை 400. ஆகக்கூடிச் செலவு 7,000, மீதி 1,000. முதலாளி அகமகிழ்ந்து, நாளொன்றுக்கு ஆயிரம் லாபம் என்கிறார். அந்த ஆயிரத்தைச் சம்பாதிக்க அடுப்படியில் நின்றவர் யார்? விடியற்காலை நான்கு மணிக்கு மாவைக் கரைத்தவர் யார்? அவர் மனைவியார். காய் நறுக்கியவர் அவர் தாயார். கல்லாவிலிருந்தவர் தாமே. மனைவியாரின் ஸ்தானத்தில் ஒரு மாஸ்டரை வைத்தால் 1,000 ரூபாய் கொடுக்கவேண்டும். தாயாரின் ஸ்தானத்தில் ஒருவரை வைத்தால் 600. அப்பொழுது அக்கடை நாளொன்றுக்கு 600 ரூபாய் நஷ்டத்தில் நடக்கிறது. முதலாளியின் கூலியோ இன்னும் எழுதவேயில்லை. லாபம் என்று நாம் மகிழ்ந்தது லாபமன்று; இரண்டு ஸ்திரீகளின் கூலி!

வீட்டாரின் உழைப்பை விலை பேசலாமா, அது அன்பன்றோ என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். அன்பு வேண்டியதே. ஆனால் அன்புக்கும் முதுகு வலிக்கும். எழுதாத கூலியினால் நேரும் கேடு யாதெனில், நஷ்டம் கண்ணுக்குத் தெரியாமற் போவதே. தெரியாத நஷ்டத்துக்கு மருந்தேது? ஒருநாள் அந்த அம்மையார் நோயுற்றுப் படுக்கிறார், மாஸ்டரை அமர்த்துகிறார்கள், இரண்டே மாதத்தில் கடன். ராசி போயிற்று என்று ஜோசியரிடம் ஓடுகிறோம். போனது ராசியன்று.

அக்கடனும் எங்கே வாங்குகிறோம்? தண்டல்காரரிடம். 8,500 கையில் கொடுத்து, நாள் நூறாக நூறு நாளில் 10,000 வசூலிப்பது அவ்வழக்கம். முதல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதால், வருஷ வட்டி நூற்றுக்கு நூறையும் தாண்டிவிடுகிறது. 2015-இல் ஏற்பட்ட முத்ரா திட்டத்தில் சிசு என்னும் பிரிவில் 50,000 ரூபாய் வரை ஈடின்றி பாங்கியில் பெற வழியுண்டு. அங்கே நாலுமுறை நடக்கவேண்டும், கணக்கும் காட்டவேண்டும். தண்டல்காரரோ வாசலுக்கே வருகிறார். ஆதலின் கணக்கெழுதுவது கடனுக்கும் வேண்டியதாகிறது.

பெரியனவாகிவிட்ட குடும்ப ஸ்தாபனங்களும் இவ்வித நெருக்கடிகளுக்குத் தப்பவில்லை. பெங்களூரில் 1924-இல் சகோதரர்கள் தொடங்கிய மாவள்ளி டிஃபன் ரூம்ஸை அறியாதாரில்லை. யுத்த காலத்தில் அரிசி அருகியபோது அங்கே ரவையில் இட்லி செய்தார்கள் என்பர். 1970-களின் அவசர நிலையில், அரசாங்கம் குறித்த குறைந்த விலைக்கு விற்கக் கட்டாது போகவே, உணவுச்சாலையை மூடி, மசாலைப் பொடிகளையும் உடன் சமைக்கத்தக்க மாவு வகைகளையும் விற்பதில் முனைந்தார்கள்; சில வருஷங்களுக்குப்பின் உணவுச்சாலையையும் மீளத் திறந்தார்கள். நம் மெஸ்களிலும் பருப்புப் பொடிக்கும் ஊறுகாய்க்குமே வருகிறவர்கள் இருக்கிறார்களே! அவற்றை இலையோரத்தில் இனாமாக வைப்பதோடு நிறுத்தாமல் பாட்டிலில் அடைத்து விற்கலாகாதா? உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி உரிய அனுமதி பெற்று, தேதி அச்சிட்ட சீட்டு ஒட்டினால் போதும்.

பிள்ளைகள் கல்லாவில் உட்கார மறுக்கிறார்கள் என்ற முறையீடும் உண்டு. படித்த பிள்ளை வேறு உத்தியோகம் தேடுவதிற் குற்றமில்லை. பதினெட்டு மணி நேரம் நின்று, சம்பளமென்று ஒரு காசும் காணாத வேலைக்கு எந்தப் புத்திசாலி வருவான்? மாதச் சம்பளம் எழுதி, வாரத்தில் அரைநாள் ஓய்வும் கொடுத்துப் பாருங்கள். பெண்மக்களையும் மறத்தலாகாது. 2005-ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தத்தால் கூட்டுக் குடும்பச் சொத்தில் அவர்களுக்கும் சமபாகம் உண்டு. கடையின் பெயர் யாருக்கு, பாத்திரம் யாருக்கு என்று அண்ணன் தம்பிகள் கோர்ட்டேறும் முன்னரே, உயிரோடிருக்கும் தகப்பனார் பங்குப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிடுவது உத்தமம்.

சங்கத்தின் முன் ஒரு யோசனையை வைக்கிறேன். ஒரே வீதியிலுள்ள நம் கடைக்காரர் ஐந்தாறு பேர் கூடி, எண்ணெயையும் துவரம்பருப்பையும் மொத்தக் கடையில் சேர்ந்து வாங்கலாம். விலை ஏற்றுவதானாலும் ஒருவரோடொருவர் முன்னதாகப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் வியாபாரிகள் கூடி விலை குறிப்பது சட்டத்துக்கு ஒவ்வாது என்று காரியதரிசி அவர்கள் எச்சரித்தபடியால் அதை விட்டுவிடுகிறேன். அடக்க விலை போடும் முறையைக் கூடிக் கற்பதற்குத் தடையில்லை.

அதன்பொருட்டு ஒரு பக்கக் கணக்குத் தாள் அச்சிட்டு வாயிலண்டை மேசைமீது வைத்திருக்கிறோம். சரக்கு, எரிவாயு, வாடகை ஆகியவற்றின் கீழே வீட்டார் கூலிக்கென்று மூன்று கட்டங்கள் விட்டிருக்கிறது. முதற் கட்டத்தில் தொகையை எழுதவேண்டியவர்கள் தாய்மார்கள்; தாளை அவர்கள் கையிலேயே கொடுக்கும்படி தொண்டர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.