பெயர் தாங்கிய அணிகள்



இறந்தோரை நினைந்து அணியப்பட்ட நகைகளில் மொழிக்குள்ள பங்கினை இன்று ஆராய விழைகிறோம்.

கணவனை இழந்த பெண்ணைப் புறநானூறு ‘கழிகல’ என்னும் அடைதந்து குறிக்கிறது. கலம் என்பது ஈண்டு அணிகலன். அது நீங்கிய நிலையே இழப்பின் அடையாளம். பெண்ணுக்கு மட்டும் விதிக்கப்பட்ட அக்கொடுமையை நாம் போற்றவில்லை. சொல் காட்டும் வழக்கினையே கருதுகிறோம். இங்கிலாந்திலோ துயருற்றோர் அதற்கெனவே அணி பூண்டனர். 1616இல் மறைந்த ஷேக்ஸ்பியர், நாடகத் தோழர் மூவர் மோதிரம் வாங்கிக்கொள்ள ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ் தம் உயிலில் ஒதுக்கினார். 1861இல் கணவரை இழந்த விக்டோரியா அரசியார், 1901இல் தாம் மறையும்வரை கறுப்புடையே உடுத்தார். அவர் காலத்தில் இவ்வழக்கம் உச்சம் பெற்றது. விட்பி கடற்கரையில் கிடைத்த ‘ஜெட்’ என்னும் கரும்பொருள் மணியாகவும் பதக்கமாகவும் கடையப்பட்டது. பண்டை மரம் புதையுண்டு இறுகியதே அப்பொருள். முத்து, கண்ணீரைக் குறித்தது.

இவற்றுள் நெஞ்சைத் தொடுவது இறந்தவரின் தலைமுடியைப் பின்னி, கண்ணாடியிட்டு மூடிய லாக்கெட். முடி எளிதில் அழிவதில்லை. ஆதலின் உடல் மறைந்த பின்னும் அது எஞ்சியது. ஆங்கிலத்தில் முடிக்கற்றையும் ‘லாக்’, பூட்டும் ‘லாக்’. லாக்கெட் என்னும் சொல் முடிக்கற்றையிலிருந்து பிறந்ததென எண்ணத் தோன்றும். அன்று, தாழ்ப்பாளைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லே அதன் மூலம். ஒலியொப்புமை மட்டும் கொண்டு சொற்பிறப்பைத் துணிதல் கூடாது.

அவ்வாறே, தோற்றம் மட்டும் கொண்டு முடி யாருடையதெனத் துணியவும் இயலாது. நகை செய்வோரிடம் கொடுத்த முடி மாறிவிடுமோ என அஞ்சி, வீட்டிலேயே பின்னிக்கொண்டோரும் உண்டு. அந்த ஐயத்தை நீக்கவல்லது எழுத்தே. மோதிரத்தின் உட்புறத்திலும் லாக்கெட்டின் பின்புறத்திலும் பெயர், இறந்த நாள், அகவை ஆகியவற்றைப் பொறித்தனர். பொறிப்புள்ள அணி இன்றும் ஒருவரை நினைவூட்டுகிறது. பொறிப்பில்லாதது, அழகிய பழம்பொருளாக மட்டும் நிற்கிறது.

நம் நடுகல் மரபும் இதனை அறிந்திருந்தது. வீரனின் பெயரையும் பெருமையையும் கல்லில் எழுதியமையை அகநானூறு கூறும். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட நடுகற்களுள் ஒன்று, ஆகோளில் இறந்தவனின் பெயரைத் தமிழி எழுத்தில் தாங்கி நிற்கிறது.

இந்நாட்டில் நம் இல்லங்களிலும் பாட்டியின் சங்கிலியோ தோடோ இருக்கக்கூடும். அவற்றில் பெரும்பாலும் எழுத்தில்லை. அவற்றின் வரலாறு பேச்சில் மட்டுமே வாழ்கிறது. பேசுவோர் மறைந்தால், எடைபோட்டு உருக்குவதற்குரிய பொன்னே எஞ்சும். மாணவர்கள் வீட்டிலுள்ள ஒரு பழம்பொருளைப் பற்றி முதியோரிடம் கேட்டு, அது யாருடையது, எவ்வாறு வந்தது, அவரை எம்முறை சொல்லி அழைத்தனர் எனத் தமிழில் எழுதி வருமாறு பணிக்க வேண்டுகிறோம். ஒரு பக்கம் போதும். அதில் அவருடைய முழுப்பெயர் தவறாமல் இடம்பெறட்டும்.